தச்சன் பிள்ளையும் சிறுதேரும்

பழந்தமிழ் நூல்களில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைத் தேடிச் செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படுவது சிறுதேர். பிற்காலத்துப் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவத்துக்கு அதன் பெயரையே சூட்டினர். ஆயினும் சிறுதேரைப் பற்றிய மிகச் சிறந்த காட்சிகள் இரண்டு பத்துப்பாட்டில் உள்ளன. இரண்டையும் பாடியவர் ஒருவரே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பட்டினப்பாலையில் ஒன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மற்றொன்று.

முதற்காட்சி ஆசிரியர் பலரும் வகுப்பில் விரும்பிச் சொல்வது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மனை முற்றத்தில் உணவுப்பொருள் வெயிலில் உலர்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்ட, கையில் கல் அகப்படவில்லையோ என்னவோ, வீட்டுப் பெண் காதிலிருந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, பொன்னணி பூண்ட கால்களோடு சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் மூன்றுகால் சிறுதேரின் வழியில் கிடந்து அதைத் தடுக்கிறது. அவ்வூரார்க்கு இத்தகைய தடையாகிய பகையன்றி, உள்ளம் கலங்கும் பகை வேறு தெரியாதாம். புலவர் இதனைப் புகழ்ச்சியாகவே பாடினார். வளம் மிகுந்த ஊரில் பொன் தெருவில் கிடப்பது பற்றி அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தச் சிறுவர் நாணவேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை.

இரண்டாம் காட்சியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். பெரும்பாணாற்றுப்படை மருத நிலத்து உழவர் குடியிருப்பைக் காட்டுகிறது. அங்கே ஒரு சிறுவன் தளர்நடை நடந்து தேர் உருட்டுகிறான். களைத்ததும் செவிலியைத் தழுவிப் பால் பருகிப் படுக்கையில் உறங்கிவிடுகிறான். அழகிய வீட்டுக் காட்சிதான். ஆனால் அவன் உருட்டிய தேருக்குப் புலவர் கொடுக்கும் அடைமொழியைப் பாருங்கள். தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி புனையப்பட்ட தேர் அது. விரும்புதல் என்பதற்கு அவர் ஆளும் சொல் நச்சுதல். ஆசைப்பட்டு ஏங்குதல் என்னும் அளவுக்குச் செல்லக்கூடிய சொல். தேரின் வேலைப்பாட்டைப் புகழ வந்த புலவர், நாள்தோறும் மரச்சாமான்களின் நடுவே வளரும் பிள்ளைகளே ஆசைப்படும் அளவுக்கு அது சிறந்தது என்று சொல்லப்போய், தம்மை அறியாமலோ அறிந்தோ ஒரு செய்தியைப் பதிவு செய்துவிட்டார். தேரைச் செய்தது தச்சன் வீடு. தேர் போய்ச் சேர்ந்தது உழவன் வீடு. தச்சன் பிள்ளைக்கு அதைக் கண்டு விரும்புவது மட்டும் கிடைத்தது.

இன்று பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் முதற்காட்சியைப் பற்றியது. வீட்டில் பெட்டி பெட்டியாகப் பொம்மை கிடக்கிறது. பிள்ளை ஒன்றையும் மதிப்பதில்லை. இவ்வளவு இருப்பது தகுமா, இதற்காகப் பிள்ளை வெட்கப்பட வேண்டாமா என்று கேட்கிறோம். இரண்டாம் காட்சியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், கேட்கவேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வரலாறு மிகப் பழையது. சிந்துவெளியில் 1920களில் தொடங்கிய அகழாய்வுகளில் சுட்டமண் வண்டிகளும், பறவை வடிவில் அமைந்த ஊதல்களும், தலையை ஆட்டும் காளைகளும் கிடைத்தன. அவற்றுள் சில விளையாட்டுக்கு உரியனவா சடங்குக்கு உரியனவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; எனினும் சக்கரம் பூட்டிய சிறு மண்வண்டி எந்தக் குழந்தையின் கைக்கும் பொருந்துவது. நம் குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்த சிறு வண்டியை ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்தே மகிழும் சிறுவரை உவமையாக்குகிறார். ஏற முடியாத வண்டி தரும் மகிழ்ச்சி ஏறும் வண்டியின் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று என்னும் நுட்பம் அதில் இருக்கிறது. குழந்தைக்கு வேண்டியது வண்டியன்று. வண்டி என்று நினைத்துக்கொள்ள ஒரு பற்றுக்கோடு.

பெண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் இன்னும் எளியவை. மணலில் சிற்றில், வண்டலில் பாவை, கழங்கு, பந்து. இவற்றுள் பலவற்றைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. உடைந்தால் அழவேண்டியதும் இல்லை. நற்றிணை 172ஆம் பாட்டில் வரும் புன்னை மரத்தைத் தமிழாசிரியர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை. தோழியரோடு விளையாடியபோது வெண்மணலில் அழுத்திவைத்து மறந்துபோன விதை முளைத்துவிட, பாலும் நெய்யும் பெய்து அதை வளர்க்கின்றனர். அது உனக்குத் தங்கை, உன்னினும் சிறந்தவள் என்கிறாள் தாய். விலையில்லாத ஒரு விளையாட்டுப் பொருள் குடும்பத்தில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. இக்காலத்துப் பொம்மை எதற்கும் இந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை. அது கிழமை முடிவதற்குள் அடுத்த பொம்மைக்கு இடம் விட்டுவிடுகிறது.

வடமொழியில் சூத்திரகர் இயற்றிய நாடகம் ஒன்று, விளையாட்டு வண்டியின் பெயராலேயே வழங்குகிறது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். வள்ளன்மையால் செல்வம் இழந்த சாருதத்தனின் மகன் உரோகசேனன் அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியோடு விளையாடியவன். அந்தப் பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போனபின், பணிப்பெண் மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறாள். சிறுவனுக்கு அது பிடிக்கவில்லை. பொன்வண்டி கேட்டு அழுகிறான். அதைக் கண்ட வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண்வண்டியில் நிரப்பி, பொன்வண்டி செய்துகொள் என்று கொடுத்துவிடுகிறாள். அன்பினால் செய்த அச்செயல் பின்னர் என்ன விளைத்தது என்பதை நாடகம் படித்தோர் அறிவர். அந்நகைகளே வழக்குமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாக வந்து விழுந்து, அவனைக் கொலைக்களம் வரை கொண்டு செல்கின்றன.

இந்நாடகத்தில் நான் வியப்பது, அழுத பிள்ளையை எவரும் கடியவில்லை என்பது. உன் தந்தையின் வறுமை உனக்குத் தெரியாதா என்று எவரும் கேட்கவில்லை. ஏழைப்பிள்ளை பொன்னுக்கு ஆசைப்பட்டதும், செல்வப்பிள்ளை பொன்னை உருட்டி விளையாடியதும் அந்நாடகத்தில் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றன. விலையறியாத வயது அது. விலையறிந்தவர் பெரியவர்.

மேனாட்டில் இப்பொருளைப் பற்றித் தெளிவாக எழுதியவருள் முன்னோடி ஜான் லாக் என்னும் ஆங்கில அறிஞர். 1693ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. தமக்குத் தெரிந்த ஒரு குழந்தையிடம் எண்ணற்ற விளையாட்டுப் பொருள்கள் இருந்தன என்றும், அவற்றை நாள்தோறும் எடுத்துக் காட்டியே பணிப்பெண் சோர்ந்துபோனாள் என்றும், மிகுதியிலேயே பழகிய அக்குழந்தைக்குப் போதும் என்னும் எண்ணமே வந்ததில்லை என்றும் எழுதுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது! நம் ஊர்ப் பேரங்காடியில் நேற்று எழுதியது போல் இருக்கிறது. அவர் சொல்லும் தீர்வு எளிது. பிள்ளைக்குப் பல பொருள்கள் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றே கையில் இருக்கவேண்டும். அதைத் திருப்பிக் கொடுத்த பிறகே அடுத்தது. வாங்கிக் கொடுப்பதைவிடத் தானே செய்துகொள்ளப் பழக்குவது நன்று. சிறு குழந்தைக்கு வழவழப்பான கூழாங்கல்லும், ஒரு தாளும், தாயின் சாவிக்கொத்தும் போதும். பம்பரம் போலத் தானே செய்ய இயலாதவற்றை மட்டும் வாங்கலாம்.

கவனிக்கவேண்டியது ஒன்று. லாக்கும் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மிகுதி ஒரு தீய பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. அப்பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் பொருளை வாங்கித் தந்தவர் என்பதோடு அவர் நின்றுவிடுகிறார்.

பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1853இல் விளையாட்டுப் பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் ஒரு காட்சியை அறியாதார் அறிவது நலம். மாளிகையின் கம்பிக் கதவுக்கு உள்ளே ஒரு செல்வச் சிறுவன். அவனுடைய ஒளிவீசும் பொம்மை புல்லில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அவனோ கதவுக்கு வெளியே தெருவில் நிற்கும் ஏழைச் சிறுவனின் விளையாட்டுப் பொருளையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏழையின் கையிலிருந்த பெட்டியில் இருந்தது ஓர் உயிருள்ள எலி! காசில்லாத பெற்றோர் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் கொடுத்த பொம்மை அது. இரண்டு பிள்ளைகளும் உடன்பிறந்தார் போல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கின்றனர். கம்பிக் கதவை நாட்டியவர் வேறு யாரோ.

இனி, பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளை நிரப்பிய பொம்மைகளில் பெரும்பகுதி செருமனியிலிருந்து சென்றது. அந்நாட்டின் துரிங்கியா வட்டாரத்தில் சோனபெர்க் என்னும் ஊர் உலகப் பொம்மை வணிகத்தின் நடுவிடமாக விளங்கியது. அங்கே தொழிற்சாலையைவிட வீடுகளிலேயே வேலை மிகுதி. ஒரு வீட்டில் பொம்மைக்குத் தலை வார்ப்பர். மற்றொரு வீட்டில் கண் எழுதுவர். வேறொரு வீட்டில் உடை தைப்பர். எண்ணிக்கைக்குக் கூலி, ஆதலின் குடும்பமே உட்கார்ந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் இரவு விளக்கடியில் பொம்மைக் கைகால்களை ஒட்டினர். கிறித்துமசு நெருங்கும் மாதங்களில் வேலை இன்னும் கடுமை. இலண்டனில் ஒரு சிறுமி கிறித்துமசுக் காலையில் பிரித்த பெட்டிக்குள், அவளுடைய வயதே ஆன இன்னொரு சிறுமியின் உறங்காத இரவு இருந்தது. உருத்திரங்கண்ணனாரின் தச்சன் பிள்ளை விரும்பிப் பார்க்க மட்டும் செய்தான். சோனபெர்க்கின் பிள்ளை உழைக்கவும் செய்தான்.

தச்சன் வீட்டுக்கு நல்லகாலம் வந்ததும் உண்டு. தென்மார்க்கு நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்று ஒரு தச்சர் இருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் வீட்டு மரவேலை குறைந்துபோகவே, 1932இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். அவருடைய மொழியில் நன்றாக விளையாடு என்னும் பொருளுடைய சொற்களைச் சுருக்கியது அது. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்ளும் இன்றைய வடிவம் 1958இல் காப்புரிமை பெற்றது. அந்தத் தச்சரின் வழித்தோன்றல்கள் இன்று உலகப் பெருஞ்செல்வருள் வைத்து எண்ணப்படுகின்றனர். இத்தகைய கதை வரலாற்றில் அரிது.

வாங்கிக் குவிக்கும் வழக்கத்துக்கு வாயில் திறந்தது தொலைக்காட்சி. 1952இல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு முகப் பொம்மை ஒன்று முதன்முதலாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யப்பட்டது. 1955இல் மேட்டல் நிறுவனம் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் ஆண்டு முழுவதும் விளம்பரம் செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டது. அதுவரை பொம்மை வணிகம் என்றால் கிறித்துமசை ஒட்டிய சில கிழமைகள். அதன்பின் 12 மாதமும் பொம்மைக் காலமாயிற்று. 1959இல் பார்பி வந்தாள். தானாக வந்தவள் போதாதென்று, அவளுக்கு உடைகளும் காலணிகளும் வீடும் வண்டியும் தனித்தனியே வாங்கவேண்டியிருந்தது. லாக்கின் காலத்தில் வணிகர் பெற்றோரிடம் பேசினர். இப்போது பெற்றோரின் தலைக்கு மேல் குழந்தையிடமே பேசத் தொடங்கினர். குழந்தைக்கு விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்தறியும் ஆற்றல் இல்லை என்று கண்ட கியூபெக் மாநிலம் 1980இல் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய விளம்பரத்தைத் தடைசெய்தது. சுவீடன் 1991இல் 12 வயதுக்குட்பட்டோருக்குரிய தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடுத்தது. ஆசைப்பட்டது உன் குற்றம் என்று பிள்ளையைக் கடியாமல், ஆசையை விதைத்தவனின் கையைப் பிடித்த சட்டங்கள் இவை.

நம் மலாயாத் தோட்டங்களின் கதை இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ரப்பர்த் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று மூன்று கணக்கு வைத்திருந்த காலம் இருந்தது. பிள்ளைக்கும் கூலி உண்டு என்றால் பிள்ளைக்கும் வேலை உண்டு என்பதே பொருள். விடியுமுன் தாய்தந்தையர் மரம் வெட்டப் போனபின் ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று எவரும் வாங்கி வைத்ததில்லை. ஆனால் விளையாட்டு நிற்கவில்லை. ரப்பர்க் கொட்டை உதிரும் பருவத்தில் சட்டைப்பை நிறைய அதுதான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் அடித்து, எது உடையாமல் நிற்கிறது என்று பார்ப்பது ஓர் ஆட்டம். சிமெந்துத் தரையில் சூடேறத் தேய்த்துப் பக்கத்திலிருப்பவன் கையில் வைத்து அலறவிடுவது இன்னோர் ஆட்டம். (இரண்டாவதை இன்றும் என் பள்ளியில் தடைசெய்தே வைத்திருக்கிறேன், பயனில்லை.) தேய்ந்த மிதிவண்டிச் சக்கர வளையம், பால்டின் மூடியில் அச்சுக் கோத்த வண்டி, குழி தோண்டிக் கோலி, மண்ணிலேயே குழித்த பல்லாங்குழி. மலாய்ப் பிள்ளைகள் அதே ஆட்டத்தைச் சொங்காக் பலகையில் ஆடினர். நம் பிள்ளைகள் அவர்களோடும் ஆடினர்.

இவற்றுள் எனக்கு மிக முதன்மையாகத் தோன்றுவது ஒட்டுப்பால் பந்து. மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நாடாப் போல உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவோம். கடைப்பந்தைவிட உயரமாக எழும்பும். ஒட்டுப்பால் தோட்டத்தின் சொத்து. எடைக்குக் காசு உண்டு. ஆதலின் கங்காணி கண்டால் பந்து போய்விடும். இந்தச் சிறுசெய்தியில் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வெட்டிய மரத்தின் பால் கப்பலேறிப் போய்ப் பெரும்பகுதி மோட்டார் வண்டிகளின் சக்கரமாயிற்று. ஒரு பகுதி பந்தாகவும் பலூனாகவும் பொம்மையாகவும் உலகத்துக் குழந்தைகளின் கைக்குப் போயிற்று. அந்தப் பாலை இறக்கியவனின் பிள்ளைக்கு ஒரு பந்தளவு பால் திருட்டாயிற்று! தச்சன் பிள்ளை வேறெங்கோ இல்லை. நம் லயத்திலேயே இருந்தான்.

இந்தப் பிள்ளைகள்தாம் இன்று பெற்றோர். 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, நகரை ஒட்டிய வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தாம் பெறாததைப் பிள்ளை பெறவேண்டும் என்று வாங்குகிறார்கள். தீபாவளிக்கு, பிறந்தநாளுக்கு, தேர்வுக்கு, காரணமே இல்லாமல் இரவுச் சந்தைக்குப் போனதற்கு. வாங்கிக் கொடுத்த பிறகு, பொம்மை மூலையில் கிடப்பதைக் கண்டு மனம் நொந்து, "உன் வயசிலே எங்களுக்கு என்னடா இருந்துச்சி? ரப்பர்க் கொட்டைதான்!" என்கிறார்கள். ஒரே கை கொடுக்கவும் செய்கிறது, கொடுத்ததற்காகக் குட்டவும் செய்கிறது.

இது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். 8 வயதுப் பிள்ளை தன் தந்தையின் வறுமைக்கு எவ்வகையிலும் பொறுப்பாளி அல்லன். தான் கேட்டுப் பெற்றது சில. கேளாமலே வந்தவை பல. அவனிடம் குற்ற உணர்ச்சியை எதிர்பார்த்தால் இரண்டில் ஒன்று நிகழும். கூச்ச இயல்புடைய பிள்ளை மகிழவே அஞ்சும்; துடுக்கான பிள்ளை காதை மூடிக்கொள்ளும். இரண்டாலும் பொம்மையின் மதிப்பு உயர்வதில்லை. இன்னொன்றும் உண்டு. வறுமையை நாம் ஒரு விருதாகச் சொல்லிக் காட்டும்போது, அவ்வறுமை சிலர் வகுத்த கூலியின் விளைவு என்னும் உண்மை மறைந்துபோகிறது. ஒட்டுப்பால் பந்து இனிய நினைவுதான். ஆயினும் கடையில் ஒரு பந்து வாங்க முடியாத கூலி இனிய செய்தியன்று.

அப்படியானால் நாணமே வேண்டாமா? வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறை ஈண்டு நினைக்கத்தக்கது. நன்றியில்செல்வம் 101ஆம் அதிகாரம். அதனையடுத்து 102ஆவது நாணுடைமை. எவர்க்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வத்தைச் சொல்லி முடித்தவுடன், தகாத செயலுக்கு நாணுதலைச் சொல்லவந்தார். பொருள் இருப்பதற்கு நாணச் சொல்லவில்லை. செய்கைக்கு நாணச் சொன்னார். அவ்வளவையும் பெரியவர்க்கே சொன்னார்.

பெரியவர் நாணவேண்டிய செய்கை எது என்பதற்குச் சோனபெர்க் வரை போகவேண்டியதில்லை. 1993ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், நம் அண்டை நாடாகிய தாய்லாந்தில், பாங்காக்குக்கு அருகிலுள்ள கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியது. 188 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன. கட்டடம் நெருப்பைத் தாங்கும்படி கட்டப்படவில்லை. மாடிகளிலிருந்து குதித்தவர் பலர். அங்கே செய்யப்பட்டவை மேனாட்டுக் கடைகளுக்குச் செல்லவிருந்த துணிப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும். தீக்கு எளிதில் இரையாகும் அப்பொருள்கள் தளங்களில் குவிந்து கிடந்தமையால் நெருப்பு நொடியில் பரவியது. அந்தப் பொம்மைகளைப் போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அன்றிரவு உறங்கிய குழந்தை எந்நாட்டதாயினும், அதன்மேல் ஒரு துளிப் பழியும் இல்லை. கதவைப் பூட்டியவர்மேல் உண்டு. விலை மலிவாக இருப்பதன் காரணத்தை எண்ணிப் பாராமல் வாங்கிய வளர்ந்தவர்மேல் சிறிது உண்டு.

நம் நாட்டிலும் பொம்மை செய்யும் கைகள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஹாட் வீல்ஸ் வண்டிகள் 1968இல் அமெரிக்காவில் அறிமுகமாயின. 1980களின் தொடக்கத்திலிருந்து பினாங்கு மாநிலத்துப் பிறையிலுள்ள மேட்டல் தொழிற்சாலையும் விளையாட்டுப் பொருள்களைச் செய்து உலகெங்கும் அனுப்பி வருகிறது. அவ்வண்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அடித்தகட்டில் மலேசியாவின் பெயரையோ தாய்லாந்தின் பெயரையோ காணலாம். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிறை வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்றவர்கள். பிள்ளைகள் இதனை அறிவதில் அச்சமூட்டுவது எதுவும் இல்லை; ஒருவகைப் பெருமையும் உண்டு. பொருளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பது தெரிந்தால் போதும்.

மிகுதியைக் குறைக்கும் வழிகளையும் குற்றஞ்சாட்டாமலே தேடியோர் உளர். செருமனியின் பாவேரியா மாநிலத்தில் 1992 முதல் சில மழலையர் பள்ளிகள், ஆண்டில் மூன்று மாதம் விளையாட்டுப் பொருள்களை எல்லாம் அப்புறப்படுத்திவிடுகின்றன. பிள்ளை ஏதோ தவறு செய்ததற்குத் தண்டனையாக அன்று. பொம்மைகள் விடுமுறைக்குப் போயிருப்பதாகச் சொல்வர். மேசையும் நாற்காலியும் போர்வையும் மட்டும் மிஞ்சும். முதல் சில நாள் சலிப்பு. பிறகு நாற்காலி கப்பலாகிறது. போதைப்பழக்கத் தடுப்புப் பணியில் ஈடுபட்டோர் தொடங்கிய முயற்சி இது என்பது சிந்திக்கத்தக்கது. 2018இல் வெளியான டொலிடோ பல்கலைக்கழக ஆய்வொன்று 36 குழந்தைகளை முறையே 4 பொருள்களோடும் 16 பொருள்களோடும் விளையாடவிட்டுப் பார்த்தது. 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரமும் பலவிதமாகவும் விளையாடினர். லாக் கண்ணால் கண்டதை ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினர், அவ்வளவே.

பொம்மைகளைச் சேர்த்து இல்லங்களுக்குக் கொடுக்கும் வழக்கம் பள்ளிகளில் பரவி வருகிறது. நல்ல வழக்கமே. ஆனால் சக்கரம் கழன்ற வண்டியும் கண் போன கரடியும் நிரம்பிய பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டைத் துப்புரவு செய்வதும் ஈகையும் வேறு வேறு. தான் இன்னும் விரும்பும் ஒன்றைப் பிள்ளை தானாகக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம், முன்வரவில்லையானால் வற்புறுத்தலாகாது. பெற்றோரின் மனச்சுமையை இறக்கிவைக்கப் பிள்ளையின் கரடி எதற்கு?

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்த ஒரு முறை உண்டு: தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு. அதைக் கொண்டு நான்காம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பாடம் நடத்தினேன். வீட்டிலிருந்து தமக்குப் பிடித்த விளையாட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு வரச்சொல்லி, அதன் அடிப்பக்கத்தில் எந்நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, உலகப்படத்தில் ஒட்டுவில்லை ஒட்டச் செய்தேன். சீனாவின்மேல் இடமே இல்லாமற் போயிற்று. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, நம் நாடு ஆகியவற்றின்மேலும் சில ஒட்டுவில்லைகள் விழுந்தன. பிறகு பெரும்பாணாற்றுப்படைக் காட்சியைக் கதையாகச் சொன்னேன். தேர் உருட்டிய சிறுவனைப் பற்றி எவரும் கேட்கவில்லை. தச்சனின் பிள்ளைக்கு அவனுடைய அப்பா ஒரு தேர் செய்து கொடுத்தாரா என்றுதான் பலர் கேட்டனர். பாட்டில் அது சொல்லப்படவில்லை என்றேன். அடுத்த கிழமைக் கைவினைப் பாடத்தில் எல்லோரும் தேர் செய்ய விரும்பினர். பால்டின் மூடிக்குத்தான் தட்டுப்பாடு. இப்போது பலர் வீட்டில் பால் தாள்பெட்டியில் வருகிறது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நான்கு நாள் சேர்த்துக் கொடுத்தார்கள்.